தேனீக்களுக்குச் சொன்ன பாதிச் சொல்

ஹார்லோ மேடு, நியூ ஹாம்ப்ஷயர்
1846 நவம்பர் 2, திங்கள்

காலஞ்சென்ற என் அண்ணன் அசஹேல் டில்ட்டனுக்கு, இன்னும் காலம் செல்லாத தங்கை சில்ஃபா எழுதுவது.

முகத்தைச் சுளிக்காதே. செத்துவிட்டதாகச் சொன்னது நான் இல்லை, நீதான். இரண்டு வாரத்துக்கு முன்னால், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலிக் கதவில் கை வைத்தபடி, "இன்னையிலேர்ந்து உன் அண்ணன் செத்துட்டான்னு வெச்சுக்கடி" என்றாய். வைத்துக்கொண்டேன். இந்தப் பெண் பெரியவர்கள் பேச்சைக் கேட்பதே இல்லை என்று சொல்கிறவர்கள் வந்து பார்க்கட்டும்.

நான் செய்தது அவ்வளவு பெரிய குற்றமா? தேவாலய முன்கூடத்தில் கல்யாண அறிவிப்பு ஒட்டுகிற பலகை சும்மாதான் கிடந்தது. ஊர் எழுத்தரின் கோழிக்கிறுக்கல் எனக்கு அப்படியே வரும். "அசஹேல் டில்ட்டனும் லவைனா நாப்பும் மணம் புரியக் கருதியுள்ளனர்" என்று ஒரே ஒரு வரி எழுதி ஒட்டினேன். உனக்கு அவளைப் பிடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். உனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியாது. அதைத்தான் தெரியப்படுத்தினேன். அவள் அப்பா எல்லோர் முன்னாலும் அதைக் கிழித்து உன் சட்டைப்பையில் திணிப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு ஓடியது மட்டும் கொஞ்சம் மனசை உறுத்துகிறது. கொஞ்சம்தான்.

சரி, செத்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடலாமா? அப்பா இறந்த அன்று அம்மா என்ன செய்தாள் என்று ஞாபகம் இருக்கிறதா? வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். ஐந்து தேனீப் பெட்டிகளிலும் மும்மூன்று முறை தட்டி, "ஐயா போயிட்டாரு. நீங்க போயிடாதீங்க" என்று சொல்லிக் கறுப்புத் துணி கட்டினாள். வீட்டுச் சாவைச் சொல்லாவிட்டால் தேனீக்கள் கோபித்துக்கொண்டு கூட்டை விட்டுப் போய்விடும், இல்லையென்றால் செத்து விழும் என்று இந்த மேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீ கிளம்பிய அன்று சாயங்காலம் நானும் அதே சாவி, அதே மூன்று தட்டு, அதே கறுப்புத் துணி. "அசஹேல் போயிட்டான். நீங்க போயிடாதீங்க."

இதில் பொய் எங்கே இருக்கிறது? நீ போய்விட்டாய்தானே? 'போயிட்டான்' என்கிற சொல்லுக்கு இரண்டு வாசல். தேனீக்கள் தப்பான வாசலில் நுழைந்தால் அது அவற்றின் இலக்கணக் கோளாறு.

மறுநாள் காலைக் குளிரில் அவை மந்தமாக இருந்தபோது பதினொரு தேனீக்களைப் பிடித்தேன். நீ விட்டுப்போன சிவப்புக் காலுறையைப் பிரித்து, காலுக்கு ஓர் இழை கட்டி, "அண்ணனைப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பினேன். லவைனாவின் அப்பா காட்டுத்தேன் தேட இப்படித்தான் நூல் கட்டி விடுவார்; நூல் போகிற நேர்கோட்டில் நடந்தால் கூடு வந்துவிடும். என் பதினொன்றில் ஒன்றும் திரும்பவில்லை. உன் சுபாவம் அவற்றுக்கும் வந்துவிட்டது போல.

உனக்கு நல்ல பணி கிடைத்திருப்பதாக அம்மாவுக்கு எழுதியிருந்தாயே. விசாரித்தால் ஏரியில் பனிக்கட்டி வெட்டுகிற வேலையாம். மூன்று சுழி பணி என்று நினைத்தேன், இரண்டு சுழி பனியாகப் போய்விட்டது. அந்தக் குறைந்த ஒரு சுழி எங்கே போனது என்று தேடி எழுது.

கூடப் பிறந்தும் கூடாதவள்,
சில்ஃபா



கோல்டர் ஏரி
1846 நவம்பர் 19, வியாழன்

சில்ஃபா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் சிரிப்பு வரவில்லை.

லவைனா நாப்பிடம் ஒரு நல்ல வார்த்தை பேச நான் இரண்டு வருடமாக வாக்கியம் சேர்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரே வரியில் முடித்துவைத்தாய். இனி அவள் வீட்டு வேலியைத் தாண்டி நான் எந்த முகத்தோடு நடப்பது? உன் சொல்லுக்கு இரண்டு வாசல் இருக்கலாம். எனக்கு இருந்தது ஒன்றுதான். அதன் வழியாக வெளியே வந்துவிட்டேன். திரும்பி வருவதாக இல்லை.

இன்னும் ஏரி உறையவில்லை. கிடங்குகளில் மரத்தூள் நிரப்புகிறோம். இங்கே வெட்டுகிற பனிக்கட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலேறி, நான்கு மாதம் கடல் கடந்து, மதராஸ் என்ற ஊரில் இறங்குகிறதாம். அந்த ஊரில் தண்ணீர் உறைந்து யாருமே பார்த்ததில்லையாம். தொட்டவன் சுட்டுவிட்டது என்று கையை உதறினானாம். மேஸ்திரி டல்லி சொன்னார். மனிதர் மற்ற விஷயத்தில் மறதிக்காரர். வேலைக்குச் சேர்ந்த அன்று பெயர்ப் பட்டியலில் என்னை விட்டுவிட்டார். நானே போய் எழுதவைத்தேன். மறுநாள் வாசித்தபோது மறுபடி இல்லை. கேட்டால், "எழுதினேனேப்பா, இங்கதான் இருந்துச்சு" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

கறுப்புத் துணியை அவிழ்த்துவிடு. அம்மா பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும். எனக்கு இனி எழுதாதே.

அசஹேல்



ஹார்லோ மேடு
1846 டிசம்பர் 7, திங்கள்

அண்ணா,

எழுதாதே என்றாய். பேச்சைக் கேட்கிற பழக்கம் நீ போன அன்றோடு முடிந்தது.

துணியை அவிழ்க்கப் போனேன். அதற்குள் லவைனா பார்த்துவிட்டாள். மாவு கேட்டு வந்தவள், பெட்டிகளின் மேல் கறுப்பைக் கண்டதும் அடுப்படிக்குள் வரவேயில்லை. தோட்டத்து நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எப்போ? எப்போடி போனான்?" என்று கேட்டாள். நானும் விளையாட்டாக, "போன மாசம் பத்தொம்பதாம் தேதி" என்றேன். நீ கிளம்பிய தேதிதானே. அவள் அழுததைப் பார்த்தபோதுதான், அண்ணா, அவளுக்கும் உன்னை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னேன். ஓர் அறை கொடுத்தாள். எட்டு நாள் காது பாடியது.

ஆனால் அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் சரியில்லை. "உயிரோட இருக்கறவனைப் பத்திச் சொல்லிட்டியே. அதுங்க நம்பிடுச்சுன்னா?" அவர்கள் வீட்டில் தேனீதான் பிழைப்பு. அவளுக்கு இதெல்லாம் விளையாட்டு இல்லை.

நான் சிரித்தேன். பத்து நாள் கழித்து நிறுத்திக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை நல்ல வெயில், ஆனால் வாளித் தண்ணீர் உறைகிற குளிர். அம்மா உன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக் கொடியில் உலர்த்தியிருந்தாள். அந்தக் குளிரில் முதல் பெட்டியிலிருந்து தேனீக்கள் வெளியே வந்தன. பூ இல்லை, இலை இல்லை, எதற்காக வந்தன? நேராகக் கோட்டுக்குள் போயின. சுற்றவில்லை, இரையவில்லை, யாரையும் கொட்டவில்லை. சாயங்காலம் அம்மா கோட்டை உதறியபோது இடது மார்புப் பக்கத்திலிருந்து நான்கு கைப்பிடி அளவுக்குக் கொட்டின. கொட்டாமல் கொட்டின என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வரவில்லை. எல்லாம் செத்திருந்தன. முதல் பெட்டியில் காதை வைத்தால் இப்போது ஒன்றும் கேட்பதில்லை.

இன்னொன்று. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. நேற்றுச் சோளக்களி கிண்டும்போது, "அசஹேலுக்கு இதுன்னா உசிரா இருந்துச்சு" என்றாள். இருக்கும்மா என்று திருத்தினேன். "அதான் சொன்னேன், இருந்துச்சுன்னு" என்றாள். அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

உன் கையெழுத்தில் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு வரி அனுப்பு. பெட்டிகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஒரே ஒரு வரி. ஒரே ஒரு பொருள் இருக்கும்படி எழுது.

சில்ஃபா



கோல்டர் ஏரி
1846 டிசம்பர் 21, திங்கள்

வாலு,

உன் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு கும்பிடு. இதை எப்படிச் செய்தாய் என்று மட்டும் சொல்லிவிடு, மற்றதை மன்னித்துவிடுகிறேன்.

இந்த வருடம் ஏரி சீக்கிரம் இறுகிவிட்டது. குதிரை பூட்டிய கலப்பையால் பனியின் மேல் சதுரம் சதுரமாகக் கோடு போட்டு, பிறகு ரம்பத்தால் அறுத்து, கட்டிகளைக் கழியால் தள்ளிக்கொண்டு கிடங்குக்கு ஓட்டுவோம். இந்த ஏரிப் பனி கண்ணாடி மாதிரி. அடுத்த பக்கம் இருப்பவனின் பல்லை எண்ணலாம். போன புதன்கிழமை நான் அறுத்த கட்டிக்குள் ஒரு தேனீ இருந்தது. இறக்கையை விரித்தபடி, பறந்துகொண்டிருக்கும்போதே யாரோ நில் என்று சொன்ன மாதிரி. பின்னங்காலில் ஓர் இழை. சிவப்பு. என் காலுறையின் சிவப்பு எனக்குத் தெரியாதா?

வீட்டிலிருந்து இங்கே வர வண்டியில் மூன்று நாள். தேனீ அவ்வளவு தூரம் பறக்காது. ஆகவே ஏரி உறைவதற்கு முன்னால் யாரையோ கைக்குள் போட்டுக்கொண்டு இதைத் தண்ணீரில் போடவைத்திருக்கிறாய். யார், மரவண்டிக்காரனா? நான் அறுக்கப்போகிற சதுரம் எது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது?

அந்தத் துண்டை வெட்டி எடுத்து, நான் தங்கியிருக்கும் திருமதி காஸ் வீட்டுப் படிக்கட்டின் கீழ் மரத்தூளில் புதைத்து வைத்திருக்கிறேன். கப்பலில் போயிருந்தால் மதராஸில் உருகியிருக்கும். அங்கே எழுந்து அது யாரைத் தேடும், பாவம்?

லவைனா அழுதாள் என்றாயே. அதுவும் உன் கைவேலையா? உண்மையென்றால் அதை மட்டும் தனித் தாளில், விளையாட்டில்லாமல் எழுது.

நீ கேட்ட வரி: நான் உயிரோடு இருக்கிறேன். போதுமா?

அசஹேல்



ஹார்லோ மேடு
1846 டிசம்பர் 30, புதன்

அண்ணா,

அது நான் இல்லை.

மரவண்டிக்காரன் இல்லை, யாருமில்லை. பதினொரு தேனீக்களை நம் தோட்டத்தில் என் கையால் பறக்கவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். நீ நம்பமாட்டாய். இத்தனை வருடம் நான் உனக்கு விற்ற பொய்யெல்லாம் இப்போது வாசலில் வரிசையாக நின்று, நான் சொல்லும் ஒரே உண்மையை உள்ளே விடாமல் மறிக்கின்றன.

உன் வரியை வாசித்தேன். நான்கு பெட்டிகளில் அப்போதும் ரீங்காரம் இருந்தது. சாவியால் தட்டி, "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று படித்ததும் நான்கும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. பேசிக்கொண்டிருக்கிறவர்கள் வாசலில் யாரோ வந்ததும் நிறுத்துவார்களே, அந்த மாதிரி. நூறு எண்ணியபின் மெல்ல மறுபடி தொடங்கின. பிறகுதான் புரிந்தது. படித்தது என் குரல், சொன்னது 'நான்'. நான் உயிரோடிருக்கிறேன் என்று அவற்றுக்குத் தெரியாதா? நீ என்றைக்காவது ஒழுங்காக ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாயா.

லவைனா சொன்னாள்: "சொன்னவ திருப்பி வாங்க முடியாதுடி. யாரைப் பத்திச் சொன்னியோ, அவனே வந்து தட்டணும். அவனே சொல்லணும்." அவள் அழுதது உண்மை. தனித் தாள் இல்லை, அம்மா பூட்டி வைத்திருக்கிறாள். இந்த வரியையே தனித் தாள் என்று நினைத்துக்கொள்.

வந்துவிடு. ஒரு நாள் இருந்து, பெட்டியைத் தட்டிவிட்டு, என்னைத் திட்டிவிட்டுத் திரும்பிப் போ.

சில்ஃபா



கோல்டர் ஏரி, மறுவுலகம்
1847 ஜனவரி 11, திங்கள்

உயிரோடிருக்கும் தங்கைக்கு, காலஞ்சென்ற அசஹேல் டில்ட்டன் ஆசி கூறி எழுதுவது.

நீ மட்டும்தான் விளையாடுவாயா? நானும் ஒருநாள் விளையாடிப் பார்க்கிறேன். செத்துப்போவது அப்படியொன்றும் சிரமமில்லை. குளிர் தெரிவதில்லை. முந்தாநாள் கையுறை இல்லாமல் நாள் முழுக்கக் கட்டி தள்ளினேன், சாயங்காலம்தான் கவனித்தேன். குதிரைகள் என்னைக் கண்டால் ஒதுங்குகின்றன. மேஸ்திரி டல்லி தலை எண்ணும்போது எப்போதும் ஒன்று குறைகிறது. "யாரு வரல?" என்று கத்துவார். எல்லோரும் வந்திருக்கிறோம் என்று நான் சொன்னால் பக்கத்திலிருப்பவனைப் பார்த்துத் தலையாட்டுவார். திருமதி காஸ் சனிக்கிழமை என் படுக்கையை ஒரு புதுப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். நான் அதில் உட்கார்ந்திருந்தேன். "ஐயோ தம்பி, நீ போயிட்டன்னு நெனைச்சேன்" என்றார். பார், உன் சொல் இங்கேயும் வந்துவிட்டது.

இதுவரைக்கும் விளையாட்டு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியதைத் திரும்பப் படித்தால் ஒன்றுகூட நான் கட்டியதில்லை, எல்லாம் நடந்தது.

இன்னும் கேள். தேனீக்கள் இப்போது பத்து. ஒவ்வொரு நாளும் அறுத்துக்கொண்டே போகப் போக அடுத்தது தெரிகிறது, சுமார் முப்பது அடிக்கு ஒன்று. எல்லாவற்றின் காலிலும் சிவப்பு. எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. திசைகாட்டி வைத்துப் பார்த்தேன். வடமேற்கு. நம் வீட்டின் திசை. நூல் கட்டிய தேனீயின் நேர்கோட்டில் நடந்தால் கூடு வரும் என்று நீதானே எழுதினாய்?

அந்தக் கோடு ஏரியின் நடுவுக்குப் போகிறது. அங்கே அடியில் ஊற்று இருக்கிறது, நீர் சுழித்துக்கொண்டே இருப்பதால் பனி சரியாகப் பிடிப்பதில்லை, கறுப்பாகத் தெரியும். குதிரையை யாரும் அந்தப் பக்கம் விடுவதில்லை. பணியில் குறைந்த அந்த ஒரு சுழி எங்கே என்று கேட்டிருந்தாயே. கண்டுபிடித்துவிட்டேன்.

பதினொன்றாவது அங்கேதான் இருக்கவேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபிறகு ஒருநாள் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பயமாக இல்லை. அதுதான் விசித்திரம். வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது.

அசஹேல்



ஹார்லோ மேடு
1847 ஜனவரி 17, ஞாயிறு

அண்ணா,

பனியின் மேல் நடக்காதே. அந்தக் கோட்டில் நடக்காதே. கிடங்குக்குப் பின்னாலுள்ள வண்டிப் பாதையில் ஏறி, மலைச் சாலையைப் பிடித்து, சாலை வழியாகவே வீட்டுக்கு வா. மூட்டை கட்ட நிற்காதே.

இன்று ஆராதனையில் எழுந்து நின்றேன். கல்யாண அறிவிப்பை ஒட்டியது நான் என்றும், உனக்கோ லவைனாவுக்கோ அதில் பங்கில்லை என்றும், ஊர் எழுத்தரின் கையெழுத்தைத் திருடியது தவறு என்றும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். போதகர் உட்காரச் சொல்லும்வரை நின்றேன். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். லவைனா சிரிக்கவில்லை. அவள் அப்பா வெளியே வந்து, அசஹேல் வந்தால் வேலியில் நிற்காமல் உள்ளே வரச்சொல் என்றார்.

நான் உன்னை அவமானப்படுத்தினேன். நீ கோபத்தில் சொன்னதை எடுத்து விளையாடினேன். நீ இல்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவில்லை, அதை நேராகச் சொல்லத் தெரியாமல் தேனீக்களிடம் போய்ச் சொன்னேன். மன்னித்துக்கொள்.

இன்றிலிருந்து எட்டாம் நாளுக்குள் நீயோ கடிதமோ வராவிட்டால் நான் கிளம்பி வருவேன்.

உன் தங்கை
சில்ஃபா



ஹார்லோ மேடு
1847 ஜனவரி 28, வியாழன், மாலை

சில்ஃபா,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் திருமதி காஸ் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். உன் கையில் சேரட்டும்.

போன வியாழக்கிழமை, உன் கடிதம் வந்தபோது நான் கழியை எடுத்துக்கொண்டு நடு ஏரிக்குக் கிளம்பியிருந்தேன். கரையில் நின்று பிரித்தேன். அதில் ஒரு சிலேடைகூட இல்லை. பத்துத் தேனீக்கள் செய்யாததை அது செய்தது: முதல்முறையாகப் பயம் வந்தது. பயத்தோடு குளிரும் வந்தது, கைவிரலெல்லாம் கொதித்தது. கழியைப் போட்டுவிட்டு அப்படியே சாலை ஏறினேன். மலைச் சாலை பனியில் மூடிக் கிடந்ததால் ஏழு நாள் ஆகிவிட்டது. நீ ஆற்றோரச் சாலையில் எதிரே போயிருக்கிறாய்.

இன்று நான் வேலியைத் தாண்டும்போது தேவாலயத்தில் மதிய மணி அடிக்கத் தொடங்கியது. அம்மா அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். பிறகு, "சில்ஃபா போயிட்டாப்பா" என்றாள்.

நான் கேட்டேன்: "எந்தப் போயிட்டாம்மா?"

"திங்கக்கிழமை. சறுக்குவண்டியில. உன்னைத் தேடித்தான்."

மூச்சு வந்தது. ஆனால் லவைனா வாசலில் வீட்டுச் சாவியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நீ கிளம்பும்போது பெட்டியிடம் சொல்லிக்கொண்டு போனதை அவள் கேட்டிருக்கிறாள். மூன்று முறை தட்டி, "சில்ஃபா போயிட்டு" என்று ஆரம்பித்தாயாம். வண்டிக்காரன் சீட்டியடித்தானாம். நீ ஓடிவிட்டாயாம். போயிட்டு என்பதோடு அது நிற்கிறது, சில்ஃபா. அன்றிலிருந்து நான்கு பெட்டியிலும் ஓசை இல்லையாம்.

"முடியாத பேச்சை யாராச்சும் முடிச்சு வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள். "இதுவரைக்கும் யாரும் பாதியில விட்டதில்ல."

சாவியை வாங்கிக்கொண்டு ஓடினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தட்டினேன். "அசஹேல் டில்ட்டன் வந்துட்டேன்" என்றேன். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினேன். "சில்ஃபா போயிட்டு வருவா. வருவா. அவ வருவா." மூன்றாவது முறை சொன்னபோது பன்னிரண்டாவது மணி இன்னும் அடிக்கவில்லை. இரண்டாவது பெட்டிக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. பிறகு மற்றவை. முதல் பெட்டி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

ரீங்காரம் கேட்கிறது, ஆனால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. லவைனாவுக்கும் தெரியவில்லை. இருவரும் பெட்டிப் பக்கத்திலேயே நிற்கிறோம். இரண்டு வருடமாக நான் சேர்த்துவைத்த வாக்கியம் ஒன்றும் இன்று ஞாபகம் வரவில்லை.

எழுது. ஒரு வரி போதும்.

அசஹேல்



கோல்டர் ஏரி
1847 ஜனவரி 28, வியாழன், மாலை

அண்ணா,

நீ சாலை வழியாகப் போய்விட்டாய் என்று திருமதி காஸ் இப்போதுதான் சொன்னார். வழியில் இருக்கிறாயோ, வீட்டில் இருக்கிறாயோ, தெரியவில்லை. அவர் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரல் விறைத்திருப்பதால் எழுத்து கோழிக்கிறுக்கலாக இருக்கும். இந்தத் தடவை என்னுடையதுதான்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து இறங்கினேன். கரையில் மேஸ்திரி நின்றிருந்தார். உன் பெயரைச் சொன்னேன். "டில்ட்டனா? அப்படி யாரும் இங்க இல்லையேம்மா" என்றார். அங்கேயே கரையோரத்தில் உன் கழி கிடந்தது, நம் வீட்டுக் குறி வெட்டிய கழி. நீ கோட்டில் போய்விட்டாய் என்று நினைத்தேன். ஆட்கள் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, நானும் போனேன்.

நீ எழுதியபடியேதான் இருந்தது. நீ எடுத்த முதல் தேனீ இருந்த இடத்தில் சதுரக் குழி. பிறகு இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். பத்து. பதினொன்று. அதோடு முடியவேண்டும். எனக்கு எண்ணத் தெரியும். என் கையால் கட்டியவை பதினொன்றுதான்.

அண்ணா, பன்னிரண்டாவது ஒன்று இருந்தது.

மற்றவை வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். காலில் கட்டியிருந்தது கம்பளி இல்லை. தலைமுடி. செம்பட்டை. இந்த நிறம் நம் பக்கத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது.

அப்போதுதான் கீழே பார்த்தேன். கறுப்பாக இருந்தது. அடியிலிருந்து ரீங்காரம் வந்தது. தோட்டத்தில் கேட்கிற மாதிரி இல்லை. ஒருத்தி பாதியில் நிறுத்திய பேச்சுக்காக நிறையப் பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிற மாதிரி. வண்டிக்காரன் சீட்டியடித்த அவசரத்தில் பெட்டியிடம் நான் என்ன சொல்லாமல் விட்டேன் என்று எனக்குத் தெரியும். மூன்று நாளாக அது நாக்கில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இப்போது சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். வரவில்லை. காலைத் தூக்கப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. இத்தனை வருடம் எனக்குச் சொல் வராமல் போனதே இல்லை.

கரையில் மதிய மணி அடித்தது. நின்றபடியே எண்ணினேன். பதினொன்று அடித்து, பன்னிரண்டாவது அடிப்பதற்கு முன்னால் ரீங்காரம் சட்டென்று நின்றது. யாரோ எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்ட மாதிரி. கால் வந்தது. நான் வந்த அடித்தடத்தின் மேலேயே கால் வைத்துத் திரும்பினேன். பத்தாவது தேனீயைத் தாண்டும்போது பின்னால் பனி திறந்தது. சத்தமே இல்லை. கொட்டாவி விடுகிற வாய் மாதிரி திறந்து, பதினொன்றையும் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு, தண்ணீராக நின்றது. தண்ணீர் ஒரு தடவை சுழித்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

இங்கே வந்தால் திருமதி காஸ் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். படிக்கட்டின் கீழே நீ வைத்திருந்த துண்டை இன்று காலை அடுப்படிக்குக் கொண்டுவந்து வைத்தாராம், இடத்தை அடைக்கிறதென்று. மதியம் மணி அடிக்கிற நேரத்துக்கு அது உருகி முடிந்து, தேனீ மேஜையின் மேல் நனைந்து கிடந்திருக்கிறது. "செத்துப்போனதுதானேன்னு துடைக்கப் போனேம்மா," என்கிறார். "எழுந்து உக்காந்து இறக்கையை உதறுது. நூலை இழுத்துக்கிட்டுக் கதவு வழியா போயிடுச்சு." எந்தப் பக்கம் என்று கேட்டேன். வடமேற்கைக் காட்டினார்.

செத்திருக்கவில்லை அண்ணா. போயிருந்தது, அவ்வளவுதான்.

இன்று மதியம் வீட்டில் யார் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதைக் கடிதத்தில் எழுதாதே, நேரில் கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை வண்டி இருக்கிறது, மலைச் சாலை வழியாக. நான்கு நாளோ ஏழு நாளோ ஆகட்டும். அதுவரைக்கும் என்னைப் பற்றி யாரும் பெட்டியிடம் பேசவேண்டாம். என்னைப் பற்றிய சேதியை நானே வந்து தட்டிச் சொல்லிக்கொள்கிறேன், முழு வாக்கியமாக.

வரேன்.

சில்ஃபா